களிப்பாறையில் பதிந்த இலை

நெல் வயலில் பூக்குமுன்னரே குதிரைவாலிக் களையை எப்படி இனம் காண்கிறீர்கள்? நெல்லின் இலையடியில் சிறு நாக்கு உண்டு, களையில் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக் களிப்பாறையில், 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பதிந்த இலைகளுக்கும் இதே முறைதான்.

அங்குக் கிடைக்கும் டிலோஃபில்லம் இலை, பார்வைக்கு மதனகாமப்பூ ஓலையேதான். நடுக்காம்பின் மேற்புறத்தில் இரு வரிசையாகச் சிற்றிலைகள். நரம்புகள் ஏறத்தாழ இணையானவை. ஆயினும் இனம் வேறு. இலைத்தோலின் சுவாசத் துளைகளே அதைக் காட்டிக்கொடுக்கும். தோல் அழிந்து வெறும் தடம் மட்டும் எஞ்சினால் ஆய்வாளர் பாடு திண்டாட்டம்தான்.

இலை, தண்டு, பூ தனித்தனியே கிடைப்பதால் ஒரே செடிக்கு மூன்று பெயர்! இலை டிலோஃபில்லம், தண்டு பக்லாண்டியா, பூ வில்லியம்சோனியா. ராஜ்மகால் மலைக் கல்லாய்ச் சமைந்த செடிகளை ஆராய்ந்து, இம்மூன்றையும் ஒரே செடியாக 1932-ல் இணைத்துக் காட்டியவர் பீர்பால் சாஹ்னி.

ஆகவே, அப்பகுதியில் கிணறு வெட்டுகையில் இலைத்தடம் தென்பட்டால் கல்லை வீசிவிடாதீர்கள். பிளந்த இரு பாதிகளையும் சேர்த்து வையுங்கள். கழுவ வேண்டாம், களி கரையும். எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று குறித்து, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் அல்லது நிலவியல் துறையில் காட்டுங்கள்.