கப்பலில் போட்ட கணக்கு

1930 ஜூலை 31. கேம்பிரிட்ஜில் மேற்படிப்புக்காக பம்பாயில் 'பில்ஸ்னா' கப்பல் ஏறினார், சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகர். வயது 19. அம்மா சீதாலட்சுமி நோயில் படுத்திருந்தார். ஆனாலும் மகன் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பிவைத்த மனுஷி! மறு வருஷமே அவர் காலமானார். மகன் அப்போது இங்கிலாந்தில்.

பருவமழைக் காலத்துக் கடல். முதல் சில நாள் கப்பல் ஆட்டத்தில் தலைதூக்க முடியவில்லை. அலை அடங்கியதும் மேல்தளத்தில் உட்கார்ந்து, தாளும் பேனாவுமாகக் கணக்கில் இறங்கினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன், அதாவது வெண்குறுமீன், எவ்வளவு நிறைவரை தாக்குப்பிடிக்கும்? வெனிஸ் துறைமுகம் வருவதற்குள் விடையின் முதல் வடிவம் கிடைத்துவிட்டது. சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் அந்த அளவுதான் 'சந்திரசேகர் வரம்பு'. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.