சித்திரைத் தண்ணீரும் வீட்டுத் தோட்டமும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, சம்பா அறுவடையும் நடைபெறும் தை மாதத்தில் நமது கிராமங்களில் கிணறுகளில் நீர் மேலே நிற்கும். புழக்கடை மண்ணிலும் ஈரம் தங்கியிருக்கும். வீட்டில் காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்னும் ஆர்வம் இக்காலத்தில் எழுவது இயற்கையே. ஆடிப் பட்டத்தை அடுத்து, தையும் மாசியும் காய்கறி விதைப்பதற்கு ஏற்ற பருவமாகும். எனினும், தையில் கொத்திய தோட்டங்களுள் பல, பங்குனிக் கடைசியில் வாடி, சித்திரையில் வெறும் குச்சிகளாக நிற்பதைக் காண்கிறோம். இது விதையின் குற்றமுமன்று, மண்ணின் குற்றமுமன்று. தை மாதத் தண்ணீரைக் கண்டு தோட்டத்தின் அளவை முடிவு செய்வதால் வரும் கேடு இது. சித்திரையில் நம் வீட்டில் எத்தனை குடம் நீர் மிஞ்சும் என்பதை அறிந்து, அதற்கேற்பவே பாத்திகளை இப்பொழுது அளக்க வேண்டும்.

கணக்கு எளியது. ஒரு சென்ட் நிலம் ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீரைப் பயிரும் மண்ணும் காற்றுக்குக் கொடுத்துவிடுகின்றன என்று கொண்டால், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர் வேண்டும். பதினைந்து லிட்டர் குடத்தால் இது பதின்மூன்று, பதினான்கு குடமாகும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு ஐந்து சென்ட் தோட்டம் வேண்டும் எனக் கூறுவதுண்டு. வற்றாத கிணறு உடையவர்களுக்கு அது பொருந்தும். ஏனையோர் ஐந்து சென்ட்டுக்கு நாள்தோறும் எழுபது குடம் எங்கிருந்து கொணர்வர்? அக்குடங்களைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆகவே, தோட்டம் எத்தனை அடி என்பதைக் குடும்பத் தலைவர் கயிறு பிடித்து முடிவு செய்வதற்கு முன் வீட்டுப் பெண்களைக் கேட்பது முறையாகும். வாடிய ஐந்து சென்ட்டைவிட, வைகாசி வரை பசுமையாக நிற்கும் ஒரு சென்ட்டே மேல் என்பது நமது கருத்து.

ஒரு சென்ட்டுக்கு வேண்டிய நீர் பெரும்பாலான வீடுகளில் இருக்கவே செய்கிறது. 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் என அளவு வகுத்தது. ஐவருக்கு அது 275 லிட்டர். இதில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் செல்வது சிறு பகுதியே. எஞ்சியது குளியலறையிலிருந்தும் பாத்திரம் துலக்கும் இடத்திலிருந்தும் தெருவுக்கு ஓடி, சேறாகிக் கொசுவை வளர்க்கிறது. அதனைத் தோட்டத்திற்குத் திருப்புவதே தை மாதத்தின் முதல் வேலை. நீர் வெளியேறும் இடத்தில் இரண்டடிக் குழி ஒன்று வெட்டி, அடியில் கூழாங்கல்லும் மேலே மணலும் இட்டு, அதன் வழியே வடிய விட வேண்டும். வடிந்த நீர் முதலில் வாழைக்கும் கல்வாழைக்கும் சென்று, பின்னர் ஏனைய பாத்திகளுக்குப் பாய்வது நலம். துணி துவைத்த முதல் சோப்பு நீரை மட்டும் விலக்குக. அதிலுள்ள உப்பு நாளடைவில் மண்ணை இறுகச் செய்யும். அலசிய கடைசி நீரால் அத்துணைத் தீங்கில்லை. கழிப்பறை நீர் இவ்வாய்க்காலில் ஒருபோதும் கலத்தல் கூடாது. பச்சையாக உண்ணும் கொத்தமல்லிக்கும் தரையோடு வளரும் கீரைக்கும் நல்ல நீரையே ஊற்ற வேண்டும்.

நீருக்கு வழி செய்தபின் வேலி. ஆடும் கோழியும் புகும் தோட்டத்தில் எவ்வளவு உழைத்தும் பயனில்லை. கிளுவைப் போத்துகளை நட்டு, இடையில் முள் அடைத்தால் செலவு குறைவு. வேலியோரத்தில் ஒரு முருங்கைப் போத்தும் ஊன்றலாம். வேர் பிடித்த பின் அது அதிக நீர் கேட்பதில்லை.

மண்ணைச் சாண் ஆழத்திற்குக் கொத்தி, ஒரு வாரம் வெயிலில் ஆறவிட வேண்டும். நன்கு மக்கிய எருவையே இட வேண்டும். பச்சைச் சாணம் கறையானையும் வேர்ப்புழுவையும் அழைத்து வரும். மழைக்காலத்தில் பாத்தியை மேட்டுப் பாத்தியாக உயர்த்துகிறோம். கோடைக்கு அது ஆகாது. தரையைவிட நான்கு விரல் தாழ்ந்த பள்ளப் பாத்தியில்தான் ஊற்றிய நீர் வேரடியில் நிற்கும். அதன்மேல் மூடாக்கு இட்டால், வெயில் குடிக்கும் நீரில் ஒரு பகுதி மிச்சமாகும். போகியன்று தீயிடும் காய்ந்த சருகும் வைக்கோற் கூளமும், பொங்கல் முடிந்து குப்பையில் எறியும் கரும்புச் சோகையும் மூடாக்குக்கு மிகச் சிறந்தவை. அவற்றைக் கொளுத்துவது நமக்கு நாமே செய்துகொள்ளும் நட்டம்.

விதைப்பில் வரிசை உண்டு. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை நாற்று விட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் எடுத்து நட வேண்டும். மிளகாய்க்கு இன்னும் சில நாள் கூடும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பர். இப்பனியில் நாற்றங்காலுக்கு மாலையில் நீர் ஊற்றினால் இரவு முழுவதும் ஈரம் நின்று நாற்று அழுகும், காலையில் ஊற்றுக. வெண்டை விதையை இரவில் ஊறவைத்து, ஒன்றரை அடி வரிசையில் ஓரடிக்கு ஒன்றாக ஊன்றினால் நாற்பத்தைந்து நாளில் காய் பறிக்கலாம். பாகலுக்கும் புடலுக்கும் ஓரடிக் குழி எடுத்து எருவிட்டு, ஐந்து விதை ஊன்றி, வளர்ந்தபின் இரண்டை மட்டும் விடுக. அவற்றின் பந்தல் தோட்டத்தின் மேற்கில் அமையட்டும். சித்திரைப் பிற்பகல் வெயிலை அது தாங்கிக்கொள்ளும்.

கீரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் நூற்றுக்கு 53 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். கீரை மட்டும் இக்குறையைப் போக்கிவிடாது. ஆயினும் கீரையுடன் தக்காளியோ எலுமிச்சையோ சேரும்போது அதன் இரும்புச் சத்து உடலில் நன்கு சேர்கிறது. அது நாள்தோறும் தட்டில் விழுவதற்குக் கொல்லைப்புறத்தைவிட எளிய வழியில்லை. ஆகவே கீரையை ஒரே நாளில் விதைத்துத் தீர்த்துவிடாமல், பத்து நாளுக்கு ஒரு சிறு பாத்தியாக விதைக்க வேண்டும். சிறுகீரை இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையை அறுக்க அறுக்கத் தழைக்கும். விதையை மணலோடு கலந்து தூவுக. எறும்பு மிகுந்த இடமாயின், பாத்தியைச் சுற்றிச் சிறிது அரிசி நொய் தூவினால் எறும்பின் கவனம் அதன்மேற் செல்லும்.

கோடை வெண்டையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய் மிகும். இலை நரம்பு மஞ்சளித்த செடிக்கு மருந்தில்லை. உடனே பிடுங்கிப் புதைக்க வேண்டும். ஈயைக் குறைக்க, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. பத்துக் கத்தரிச் செடிக்காக வீட்டுக்கு வீடு நாற்றங்கால் போடுவது வீண் வேலை. மகளிர் குழு ஒன்று பொது இடத்தில் நாற்று வளர்த்து, ஊர் முழுவதற்கும் கொடுக்கலாம். தெருக்குழாய்களிலும் நீர்த்தொட்டியடியிலும் சிந்தித் தேங்கும் நீரை ஒரு சிறு வாய்க்காலால் அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ திருப்பினால், அங்கும் ஒரு கீரைப் பாத்தி கோடையைத் தாங்கும். சனவரி 26-இல் கூடும் கிராம சபை தை மாதத்திலேயே வருகிறது. மாசி விதைப்புக்கு முன் இவற்றை எடுத்துப் பேச அதுவே தக்க சமயம்.

விதைக்காக நோயற்ற செடியில் இரண்டொரு காயைத் தொடக்கத்திலேயே துணி கட்டிக் குறித்து, முற்ற விடுங்கள். வீரிய ஒட்டு இரகமாயின் வேண்டாம். அதன் விதை அடுத்த முறை ஒரே தன்மையாக வராது. நாட்டு இரகமாயின் விதையை நிழலில் உலர்த்திச் சாம்பலிற் புரட்டி வைத்தால், ஆடிப் பட்டத்திற்கு அது கைவசம் இருக்கும்.