பழம்புடவையில் ஒரு மலை

“அத்தனை புடவையையும் போட்டு ஒரு எவர்சில்வர் அண்டா வாங்கிடலாம்னு இருந்தேனே... நீ கத்தரிக்கோலை வெச்சுட்டியேம்மா!”

என் மாமியார் இப்படி அங்கலாய்த்தபோது நான் கூடத்தில், சுற்றிலும் துணித் துண்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். பெங்களூரில் குடித்தனம் செய்யும் என் பெண், “அம்மா, இங்கே ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சுவர்தான். நம்ம மொட்டைமாடியிலேர்ந்து தெரியற மலையை எனக்கு அனுப்பேன்!” என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தாள். போட்டோ அனுப்பலாம். ஆனால் மாமியார் கட்டிக் கட்டி மெத்தென்றாகிவிட்ட நூல்புடவைகள் பரணில் ஒரு மூட்டை இருந்தன. அவற்றையே தைத்து மலையாக்கி அனுப்பினால் என்ன என்று தோன்றிவிட்டது.

பழந்துணியை அடுக்கி, நூலோட்டம் ஓட்டிப் போர்வையாக்குவது ஒன்றும் புதிய வித்தை இல்லை. குழந்தை பிறந்த வீட்டில் பாட்டியின் பழம்புடவைதானே முதல் மெத்தை! வங்காளத்தில் இதைக் ‘காந்தா’ என்கிறார்கள், பீகாரில் ‘சுஜனி’. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் ‘கவந்தி’ என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிப்பது அவர்கள் வழக்கம். முடித்ததும் நான்கு மூலையிலும் பூ என்று சொல்லி மடித்த துணி வைப்பார்களாம். நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். அவையும் துணிமேல் துணி வெட்டி ஒட்டித் தைத்தவைதாமே!

போர்வையைப் படமாகச் சுவரில் மாட்டிப் பார்ப்பதுதான் கொஞ்சம் புதிது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் பழைய அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். 2019-ல் சென்னையிலும் இந்திய அளவில் இதற்கென்றே ஒரு விழா நடந்தது. ஆகவே, ‘கந்தல் துணிதானே’ என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்!

மலையை எப்படித் தைப்பது?

முதலில் செய்தித்தாள்களை ஒட்டி, 36 அங்குல அகலம், 48 அங்குல உயரத்துக்கு ஒரு காகிதம் தயார் செய்தேன். விடியற்காலையில் மொட்டைமாடிக்குப் போய், மலையின் கோட்டை மட்டும் வரைந்துகொண்டேன். 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலை, சுற்றி வந்தால் 14 கிலோமீட்டர்! கிரிவலம் போகிறவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவிலும் அது வேறு உருவம் காட்டும். எனக்கு என் மாடியிலிருந்து தெரியும் உருவம் போதும்.

வெளுத்துப்போன நீலப் புடவை வானம். மங்கிய சாம்பலும் பழுப்பும் பாறை. பச்சைகளை மட்டும் தனியாகப் பிரித்துக்கொண்டேன். “நான் கல்யாணமாகி வந்தப்ப இது மொட்டைப் பாறைம்மா. கோடை வந்தா புல்லு பத்திக்கிட்டு ராத்திரியெல்லாம் எரியும்” என்று மாமியார் சொல்வார். பிறகு பல அமைப்புகளும் தொண்டர்களும் ஆண்டுக்காண்டு கன்றுகள் நட்டு, தீ பரவாமல் கோடு வெட்டிக் காத்ததில் இன்று சரிவுகளில் பசுமை தெரிகிறது. அதனால் அடிவாரத்துக்குக் கரும்பச்சை, மேலே போகப் போகக் காய்ந்த புல்லின் மஞ்சள் என்று வைத்தேன். ஆரணிப் பட்டின் சரிகைக்கரை ஒன்று ஆசை காட்டியது. ஆனால் பட்டையும் நூலையும் சேர்த்துத் தைத்தால் துவைக்கும்போது ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. மனசைக் கட்டுப்படுத்திக்கொண்டு உள்ளே வைத்துவிட்டேன்.

சாயம் போகிறதா என்று ஒவ்வொரு துணியையும் சோதிப்பது மிக முக்கியம். துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேயுங்கள். கறை பிடித்தால், தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள். தெளியவே இல்லையென்றால் அந்தத் துணி வேண்டாம். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். கடையில் வாங்கும் இந்தக் காலத்துத் துணிகளுக்கு அதை நம்பாதீர்கள்.

அடித்துணியாக ஒரு பழைய வேட்டி. அதன்மேல் முதலில் வானம், பிறகு மலை உச்சி, பிறகு சரிவு, கடைசியில் அடிவாரத்து மரங்கள். தூரத்தில் இருப்பது முதலில், கிட்டத்தில் இருப்பது பிறகு. அப்போதுதான் பின்னால் உள்ள துண்டின் பிசிறை முன்னால் வருகிற துண்டு மறைக்கும். ஒவ்வொன்றின் ஓரத்தையும் கால் அங்குலம் உள்ளே மடித்து, நூல் தெரியாமல் ஹெம்மிங் செய்தேன். புல்லுக்கு நீட்டுத் தையல். ஆவாரம்பூவுக்கு மஞ்சள் நூலில் முடிச்சுத் தையல். அடிவாரத்தில் ஒரு மயில், என் பழைய ரவிக்கையிலிருந்து!

“நம்ம மலை இல்லியே இது!”

மேல்பாகம் முடிந்ததும் பெருமையோடு சுவரில் குண்டூசி குத்தி மாட்டினேன். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அந்தக் கோடு எங்கே?” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி. ஃபெஞ்சல் புயல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலை சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் பாறையும் மண்ணும் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்களை மலையேற விடவில்லை. மலை சரிந்த இடம் செம்மண் கோடாக எங்கள் மாடியிலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு மழை பெய்கிற இரவுகளில் மாமியார் தூங்குவதில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருக்காகத்தான் நான் அந்தக் கோட்டை வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

“அழகா இருக்கட்டும்னுதான் அத்தை...” என்று இழுத்தேன்.

“அழகாத்தான் இருக்கு. ஆனா நம்ம மலை இல்லியே இது! புள்ளைங்க போன இடத்தை இல்லேன்னு தெச்சுட்டா ஆச்சா?”

எனக்குக் கோபம் வந்தது. இருபது நாள் வேலை! மங்களகரமாக இருக்க வேண்டிய ஒன்றில், பெண் தினமும் பார்க்கிற சுவரில், அது எதற்கு? மூன்று நாள் அந்தத் துணியைத் தொடவே இல்லை. நான்காம் நாள் பெண்ணுக்குப் போன் செய்து, அவளாவது என் கட்சி பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். “பாட்டி சொல்றது சரிதாம்மா. அங்கே மழைன்னு நியூஸ் வந்தாலே எனக்கும் அதுதான் ஞாபகம் வருது” என்றாள்.

தையலைப் பிரித்தேன். மாமியாரே ஒரு காவி நிறப் புடவையை எடுத்துக் கொடுத்தார். ஒரு விரல் அகலத்தில், கோணல்மாணலாக வெட்டி, சரிவின்மேல் வைத்துத் தைத்தேன். மறுநாள் மத்தியானம் நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தால், துணி அவர் மடியில் இருந்தது. “ஊசியிலே நூல் கோத்துக் குடு” என்று மட்டும் சொன்னார். அந்தக் கோட்டின் காலடியில் வெள்ளை நூலில் ஏதோ முடிச்சுகள் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். ஏழு.

அன்றைக்கு மழை இல்லை. மழை வந்தால் அவர் இப்போதும் விழித்துத்தான் இருக்கிறார். ஆனால் இப்போது நானும் கூடப் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ‘தூங்குங்க அத்தை’ என்று அதட்டுவதை விட்டுவிட்டேன்.

முடித்துக் கட்டுவது

இனி உங்களுக்குப் பயன்படும் விஷயம். மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இந்தப் போர்வை. நடுவில் இலவம்பஞ்சு வேண்டாம், நகர்ந்து ஒரு மூலையில் கட்டிக்கொள்ளும். நான் வைத்தது தேய்ந்துபோன ஒரு சோலாப்பூர் போர்வை. அடித்துணியும் நடு அடுக்கும் நான்கு பக்கமும் 3, 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய ஓட்டுத் தையலாகப் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு சின்ன நூலோட்டத்தால் மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். இதையும் நடுவிலிருந்தே ஆரம்பியுங்கள். ஓரத்தில் ஆரம்பித்தால், பழகாத கைக்கு நடுவில் துணி புடைத்துக்கொள்ளும். வானத்தில் காற்று மாதிரி அலையலையாக, பாறையில் வெடிப்பு மாதிரி, சரிவில் மலையின் கோட்டை ஒட்டியே ஓட்டினேன்.

எல்லாம் முடிந்தபின் பெரிய ஓட்டுத் தையல்களை உருவிவிட்டு, மூலைகளை மட்டம் பார்த்து ஓரங்களை வெட்டுங்கள். இரண்டரை அங்குலத் துண்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முன்பக்கம் மெஷினில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் செய்தால் ஓரம் கட்டியாகிவிடும். பின்னால் மேல்விளிம்பில் 4 அங்குல அகலத்தில் ஒரு துணிக்குழாய் தைத்து, அதில் திரைச்சீலைக் கம்பியைச் செருகினால் சுவரில் தொய்யாமல் தொங்கும். நேர்வெயில் படுகிற சுவராக மட்டும் இருக்க வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.

கடைசியாகத் துவைத்தபோது எனக்கு ஒரு பயம் வந்தது. காவித் துணியை அவசரத்தில் சோதிக்காமல் வைத்துவிட்டேன். அடிவாரத்துப் பச்சையில் சிவப்பு இறங்கியது! கைகால் நடுங்கிவிட்டது. இந்த மாதிரி சமயத்தில் காயவும் விடக்கூடாது, இஸ்திரியும் போடக்கூடாது. பெரிய அண்டாவில் துணி முழுக்க மூழ்கும்படி வெந்நீரும் கொஞ்சம் சோப்புத் தூளும் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறல். மூன்றாம் தண்ணீரில் தெளிந்தது. வெள்ளை முடிச்சுகளில் மட்டும் லேசான காவி நின்றுவிட்டது. “இருக்கட்டும், மண்ணுதானே” என்றார் மாமியார்.

பின்பக்கம் ஒரு சிறு வெள்ளைத் துணியில் ஊர், மாதம், வருஷம், எங்கள் இருவர் பெயரும் காம்புத் தையலில் போட்டேன். “என் பேரு எதுக்கு?” என்று வெட்கப்பட்டார். எத்தனை பேரக்குழந்தைகளுக்கு விரிப்புத் தைத்திருக்கிறார்! ஒன்றிலாவது அவர் பெயர் இருந்ததா?

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு மூட்டை இருக்கும். அண்டாவுக்குப் போடுமுன் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள், சகோதரிகளே. கூடவே, அதைக் கட்டியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எதை வெட்ட வேண்டும், எதை விடக்கூடாது என்று அவர்கள் சொல்வார்கள்.