நீரில் மூழ்கிய ஆலயமும் நிலைத்திருக்கும் சபையும்

ஓர் ஊரின் ஆலயம் அழிந்தால் அவ்வூர்ச் சபையும் அழிந்துவிடுமோ? இவ்வினாவை, இங்கிலாந்தின் டார்பிஷயரிலுள்ள ஒரு பள்ளத்தாக்கின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

டெர்வெண்ட் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்திருந்த சிற்றூர் டெர்வெண்ட். ஆங்கிலிக்கன் ஆலயம், பழைய மாளிகை, பொதிக்குதிரைகள் கடந்த கற்பாலம் ஆகியவை அதன் அடையாளங்கள். அண்மையிலிருந்த ஆஷப்டனில் மெதடிஸ்டு சபையார் தொழுது வந்தனர். ஷெஃபீல்டு, டார்பி, நாட்டிங்ஹாம், லெஸ்டர் ஆகிய நகரங்களின் குடிநீர்த் தேவைக்காக 1899-இல் நீர் வாரியம் ஒன்று நிறுவப்பட்டது. இரண்டு அணைகள் கட்டப்பட்டும் தேவை தீரவில்லை. எனவே 1935-இல் லேடிபவர் அணையின் வேலை தொடங்கிற்று. இவ்விரு சிற்றூர்களும் அதன் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டன.

1943 மார்ச் 17-ஆம் நாள் டெர்வெண்ட் ஆலயத்தில் இறுதி ஆராதனை நடைபெற்றது. ஆலய மணி டார்பியைச் சார்ந்த சாடஸ்டன் ஆலயத்திற்குச் சென்றது. கல்லறைத் தோட்டத்தில் துயின்றோரின் உடல்கள் பேம்ஃபர்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. கற்பாலம் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டுப் பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் திரும்பக் கட்டப்பட்டது. வீடிழந்த குடும்பங்களுக்கென யார்க்ஷயர் பிரிட்ஜ் என்னுமிடத்தில் வாரியம் வீடுகள் கட்டிற்று. 1945 செப்டம்பர் 25-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அணையைத் திறந்துவைத்தார். நினைவுச் சின்னமாக விடப்பட்ட ஆலயக் கோபுரமும், ஆபத்து விளையுமென்று அஞ்சி, 1947 டிசம்பர் 15-இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆகவே, வறட்சிக் காலத்தில் கோபுரம் தலைதூக்கும் என்னும் பேச்சு இன்று பொருந்தாது. 1976, 1995, 2018 ஆகிய ஆண்டுகளின் வறட்சியில் வெளிப்பட்டவை இடிந்த சுவர்களும் கற்குவியல்களுமே.

யோசேப்பின் எலும்புகளை இஸ்ரவேலர் சுமந்து சென்றதுபோல, மரித்தோரை மதிப்புடன் கொண்டுசென்றது போற்றத்தக்கது. ஆயினும் மணிக்கும் பாலத்திற்கும் மாற்றிடம் தேடுவது எளிது. தலைமுறைகளாக ஒன்றாகத் தொழுத மக்களின் உறவுக்கு மாற்றிடம் தேடுவது எளிதன்று. பல நகரங்களின் தாகம் தீரச் சில குடும்பங்கள் தங்கள் ஊரையே கொடுத்தன. பலருடைய நன்மை என்னும் சொல்லைத் திருச்சபை எடுத்தாளும்போது, அந்நன்மைக்கு விலை கொடுத்தவர் யார் என்றும் கேட்கக் கடமைப்பட்டுள்ளது.

எனினும் நம்பிக்கைக்கும் இடமுண்டு. அதே மலைப்பகுதியில், ஆல்போர்ட் பள்ளத்தாக்கிலுள்ள ஒரு பண்ணைக் களஞ்சியத்தில், ஆண்டுதோறும் ஜூலை முதல் ஞாயிறன்று அன்பின் விருந்து நடைபெறும் மரபு உண்டு. 1662-இல் அரசு வகுத்த வழிபாட்டு முறைக்கு உடன்படாமல் பதவியிழந்த போதகரின் காலத்தோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. பின்னர் மெதடிஸ்டுகள் அதனைப் பேணினர். அங்கே கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. அப்பமும் தண்ணீரும் பகிரப்படுகின்றன, சாட்சிகள் கூறப்படுகின்றன.

இங்கே நமக்கு நிலையான நகரமில்லை என்று எபிரெயர் நிருபம் போதிக்கிறது. பேம்ஃபர்டை உள்ளடக்கிய குருசேகரத்தின் பெயரில் டெர்வெண்ட் என்னும் பெயரும் இணைந்து வழங்குகிறது. கட்டடம் நீருக்குள் போயிற்று. பெயரோ சபையின் ஜெபத்திற்குள் வந்தது. இடம்பெயர்ந்தோரிடையே ஊழியம் செய்யும் நாம், முதலில் காக்கவேண்டியது கற்களை அல்ல, சேர்ந்து தொழும் மக்களையே என்பதை நினைவிற் கொள்வோமாக.