விபத்துக்குப் பின்னே வரும் விபத்து

நெடுஞ்சாலையில் ஒரு கார் மோதி நிற்கிறது. விபத்து முடிந்துவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. இரண்டாவது விபத்து பின்னால் வந்துகொண்டிருக்கலாம்!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 28 மீட்டர். தடையைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்த ஒன்றரை விநாடி ஆவதாகக் கொள்வோம். அதற்குள் வண்டி 42 மீட்டர் ஓடிவிடும். பிறகு, உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தாலும், நிற்பதற்கு மேலும் 55 மீட்டர் வேண்டும். ஆக, ஏறத்தாழ 100 மீட்டர்! மழை பெய்தால் இன்னும் அதிகம். காயமுற்றவரைத் தூக்கக் குனிந்திருக்கும் ஊழியரின் உயிர் இந்த 100 மீட்டரில்தான் இருக்கிறது.

அவரைக் காப்பது எப்படி? அமெரிக்காவில் விபத்து நடந்த இடத்திற்குப் போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், சாலைத்துறை, இழுவை வண்டி எனப் பலரும் வருகின்றனர். தீயணைப்போர் தம் பாதுகாப்புக்காகப் பாதையை அடைக்க விரும்புவர். போலீஸார் விரைவில் திறக்க விரும்புவர். இரண்டும் நியாயமே. நெரிசலின் வால் நீள நீள, அதன் கடைசியில் வேறொரு மோதல் நேரலாம் அல்லவா?

இச்சிக்கலுக்கு வழி காட்டியது காட்டுத் தீ! 1970ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் 13 நாட்களில் 16 பேர் மாண்டனர். சுமார் 700 கட்டடங்கள் எரிந்தன. அணைக்க வந்த துறைகள் ஒரே பொருளுக்கு வெவ்வேறு சொற்களை வழங்கின. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. அந்தப் பாடத்தில் பிறந்தது ஒரு புதிய ஆணை முறை: துறைகள் பல, திட்டம் ஒன்று, சொல்வழக்கு ஒன்று. பின்னர் அது சாலைக்கும் வந்தது.

இதன்படி, கனமான தீயணைப்பு வண்டி விபத்து இடத்திற்கு முன்பாகச் சாய்வாக நிற்கிறது, அதுவே கேடயம். அதற்கும் முன்னே கூம்புகள் சாய்கோட்டில் வைக்கப்படுகின்றன. எச்சரிக்கைப் பலகைக்கு இளஞ்சிவப்பு நிறம் உண்டு; சாலைப் பணிக்குரிய ஆரஞ்சுப் பலகையோடு குழம்பாது. ஊழியர் பாதுகாப்பு, விரைவாக வழி திறத்தல், தடையற்ற செய்தித் தொடர்பு ஆகிய மூன்றையும் பொதுக் குறிக்கோளாகப் பல துறையினர் 2007இல் ஏற்றனர். நிற்கும் மீட்பு வண்டியைக் கண்டால் விலகியோ வேகம் குறைத்தோ செல்ல வேண்டும் என்ற சட்டம் அங்கு 50 மாநிலங்களிலும் உள்ளது.

நாளை நீங்களும் வண்டி ஓட்டுவீர்கள். தொலைவில் சுழலும் விளக்கைக் கண்டால் அந்த 100 மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறையுங்கள், வேடிக்கை பார்க்க நிற்காதீர்கள்!