புதிய பயிற்றுவிப்பாளருக்கு எத்தனை பருவம் கொடுப்போம்?

இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகமொன்று புதிய முகாமையாளரை அறிவித்தால், அன்றிரவே வன்னியில் விசாரணை தொடங்கிவிடும். கிளிநொச்சி மைதானத்தில் பயிற்சி முடிந்து சப்பாத்தைக் கழற்றும் இளைஞர்கள், வவுனியா நகரத்துச் சலூனில் முறைக்குக் காத்திருப்பவர்கள், முல்லைத்தீவுக் கரையோரக் கிராமங்களில் கைபேசியைச் சுற்றிக் கூடி நிற்பவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "இவரா?"

கேள்வி பிறந்த கையோடு தரப்புகளும் பிரிந்துவிடும். ஒரு தரப்பு இனிக் கிண்ணம் நமக்குத்தான் என்று சொல்லும். இன்னொரு தரப்பு, போனவரையே வைத்திருந்திருக்கலாம் என்று வாதாடும். ஆளை மாற்றிப் பயனில்லை, கழகத்தின் உரிமையாளர்தான் மாற வேண்டும் என்பது மூன்றாவது தரப்பு. ஓல்ட் டிராபோர்ட்டையோ ஆன்பீல்டையோ நேரில் பார்க்காதவர்கள்தான் இப்படி வாதாடுகிறார்கள். ஆனாலும் அந்தப் பற்று உண்மையானது. அணி தோற்ற இரவு சாப்பாட்டை ஒதுக்கிவைக்கும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தை மதித்துத்தான் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: முதல் நாளில் நாம் எழுதும் தீர்ப்பு எத்தனை முறை சரியாக இருந்திருக்கிறது?

1986 நவம்பரில் அலெக்ஸ் பேர்குசன் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு வந்தபோது, அந்த அணி 22 கழகங்கள் கொண்ட லீக்கில் கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழிந்தும் கிண்ணம் எதுவும் வரவில்லை. 1989 டிசம்பரில், சாக்குப்போக்குச் சொன்னது போதும், போய்வாருங்கள் என்ற பொருள்பட அவருடைய சொந்த ரசிகர் ஒருவரே அரங்கில் பதாகை பிடித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அணி எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 26 ஆண்டுகள் கைக்கு எட்டாதிருந்த லீக் பட்டம் 1993இல் வந்தது. 2013இல் ஓய்வுபெற்றபோது பேர்குசன் யுனைட்டெட்டுக்கு வென்று கொடுத்திருந்த லீக் பட்டங்கள் 13. பதாகையின் பேச்சைக் கழக நிர்வாகம் கேட்டிருந்தால் இந்த வரலாறே இருந்திருக்காது.

ஆர்சனலுக்கு 1996இல் ஆர்சன் வெங்கர் வந்தபோது, யார் இந்த ஆர்சன் என்று லண்டன் பத்திரிகையே தலைப்பிட்டது. அவர் ஜப்பானில் நகோயா அணியைப் பயிற்றுவித்துவிட்டு வந்தவர். 1998இல் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் ஒரே பருவத்தில் வென்றார். 2003-04 பருவத்தில் ஒரு லீக் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் சம்பியனானார்.

லெஸ்டர் சிட்டியின் கதை இதைவிட அதிசயமானது. 2015 கோடையில் கிளாடியோ ரனியெரி நியமிக்கப்பட்டார். அதற்கு முன் கிரேக்கத் தேசிய அணியைப் பயிற்றுவித்து, குட்டித் தீவுக்கூட்டமான பரோ தீவுகளிடம் தோற்றுப் பதவி இழந்திருந்தார். லெஸ்டரில் பிறந்து அக்கழகத்துக்கே ஆடிய கேரி லினேக்கர்கூட அந்த நியமனத்தை நம்பமுடியாமல் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். பந்தயக்காரர்கள் அந்த அணிக்கு 5000க்கு ஒன்று என்றுதான் வாய்ப்புக் கொடுத்திருந்தார்கள். 2016 மே மாதம் லெஸ்டர் இங்கிலாந்தின் சம்பியன்.

எல்லாச் சந்தேகமும் பொய்த்ததென்றும் சொல்லிவிட முடியாது. பேர்குசனே தெரிவுசெய்த டேவிட் மொயெஸுக்கு யுனைட்டெட் ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. தெரிவுசெய்யப்பட்டவர் இவரே என்று ரசிகர்கள் பதாகை தொங்கவிட்டார்கள். பத்து மாதங்கள்கூட நிறையுமுன், 2014 ஏப்ரலில், அவர் நீக்கப்பட்டார். அதே மொயெஸ் 2023இல் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஐரோப்பியக் கிண்ணமொன்றை வென்று கொடுத்தார். ஒரு கழகத்தில் தோற்றவர் மற்றொரு கழகத்தில் வென்றார் என்றால், நாம் எடைபோட வேண்டியது ஆளை மட்டுமல்ல, அவர் வந்து சேர்ந்த இடத்தையும்தான்.

இங்கேதான் ரசிகர்களின் வாதம் பெரும்பாலும் சறுக்குகிறது. புதிதாக வருபவர் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. முன்னவர் வாங்கிய வீரர்கள், முன்னவர் பழக்கிய ஓட்டம், முன்னவர் விட்டுச்சென்ற காயங்கள் அத்தனையும் அவர் தலையில் விழுகின்றன. வேறொருவர் விதைத்த காலபோக வயலை இடையில் பொறுப்பெடுத்தவரின் நிலைதான் அது. வயல் நன்றாக விளைந்தாலும் பொய்த்தாலும் முழுப் பேரும் அவருக்கே உரியதல்ல.

2024ஆம் ஆண்டு இதற்கு இரண்டு எதிரெதிர் உதாரணங்களைக் கொடுத்தது. ஜேர்கன் குளொப் ஒன்பது பருவங்கள் உழைத்துக் கட்டிய லிவர்பூல் அணியை அந்தக் கோடையில் ஆர்ன் ஸ்லொட் ஏற்றார். அந்தக் கோடையில் அணியில் வந்து சேர்ந்த முக்கிய வீரர் பெடரிகோ கியேசா ஒருவர்தான். ஸ்லொட் பெரிதாக எதையும் உடைக்கவில்லை. இருந்ததைச் சீராக்கினார், முதல் பருவத்திலேயே சம்பியனானார். அதே ஆண்டு நவம்பரில், பருவத்தின் நடுவில், ரூபன் அமோரிம் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்கு வந்தார். போர்த்துக்கலில் ஸ்போர்ட்டிங் அணிக்கு இரண்டு லீக் பட்டங்கள் வென்று கொடுத்தவர் அவர். பின்வரிசையில் மூவரை நிறுத்தி ஆடுவது அவருடைய முறை. அவர் கையில் கிடைத்ததோ பின்வரிசையில் நால்வர் நிற்கும் ஆட்டத்துக்காக வாங்கிய அணி. ஆற அமரப் பயிற்சி கொடுக்க வாரங்கள் இல்லை. மூன்று நாளுக்கொரு ஆட்டம். பருவ முடிவில் யுனைட்டெட் 42 புள்ளிகளோடு 15ஆம் இடம். ஐரோப்பா லீக் இறுதியிலும் டொட்டன்ஹாமிடம் தோல்வி. அமோரிமின் பிடிவாதத்தைக் குறைசொல்ல இடமுண்டு. ஆனால் அவரை எந்த வேளையில், எந்த வீரர்களோடு பொறுப்பேற்க வைத்தார்கள் என்பதை விட்டுவிட்டுப் பேசினால் அது நியாயமான விசாரணை ஆகாது.

கடலுக்கு அப்பால் சென்னையிலும் இதே பாடம் இருக்கிறது. சென்னையின் எஃப்சி 2015இலும் 2018இலும் இந்தியன் சூப்பர் லீக்கை வென்ற கழகம். 2019-20 பருவத்தில் முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்று தடுமாறியபோது, 2018இல் கிண்ணம் வென்று கொடுத்த ஜோன் கிரகெரி விலகினார். டிசம்பரில் ஸ்கொட்லாந்துக்காரரான ஓவன் கொய்ல் வந்தார். அதே வீரர்கள்தான். ஆனால் பயமின்றி முன்னேறி ஆடவைத்தார். கீழே கிடந்த அணி நான்காம் இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை வென்று, 2020 மார்ச்சில் இறுதியாட்டம் வரை போனது. தொற்றுக் காலத்தின் தொடக்கத்தில், ரசிகர்கள் இல்லாத அரங்கில், ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றது.

கொய்ல் ஜம்ஷெட்பூருக்குப் போனார், அங்கே லீக்கில் முதலிடம் பெற்றுக் கேடயம் வென்றார். சென்னையோ அடுத்த மூன்று பருவங்களில் சாபா லாஸ்லோ, போஸிதார் பந்தோவிச், தோமஸ் பிரதாரிச் என்று ஆளுக்கொரு பருவமாக மாற்றிக்கொண்டிருந்தது. 2022இல் பந்தோவிச் இடையில் போனபோது, பொறுப்பேற்று அணியைத் தாங்கியவர் சென்னையின் மைந்தர் சையத் சபீர் பாஷா. 2023இல் கொய்ல் மீண்டும் வந்தபோது பழைய மகிழ்ச்சியும் திரும்பியது. முதல் பருவத்தில் அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனார். அதற்கடுத்த பருவத்தில் 13 அணிகளில் 11ஆம் இடம். அதன்பின் அவரும் போய்விட்டார். ஒரே மனிதர், ஒரே கழகம், இரண்டு வேறு முடிவுகள். 2019இல் அவரைச் சந்தேகித்தவரும் 2023இல் அவரை இரட்சகராகக் கொண்டாடியவரும் ஒரே தவறைத்தான் செய்தார்கள்: அணியின் முழு விதியையும் ஒருவர் கையில் வைத்துப் பார்த்தார்கள்.

நம் தேசிய அணி இன்னும் கடினமான பாதையில் வந்தது. அமீர் அலாஜிக், அண்டி மொரிசன், கீத் ஸ்டீவன்ஸ், அப்துல்லா அல் முத்தைரி என்று 2020 தொடக்கம் 2024 வரை வெளிநாட்டுப் பயிற்றுவிப்பாளர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் மாதம் வரை நாட்டுக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. ஆட்டமே இல்லாத அணியை எந்தப் பெரிய பயிற்றுவிப்பாளர் வந்தும் உயர்த்த முடியாது. தடை நீங்கி, புலம்பெயர் நாடுகளில் பிறந்து வளர்ந்த வீரர்களும் அணியில் சேர்ந்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே பெனல்ட்டி உதைகளில் வென்றோம். 2025 ஜூனில் கொழும்பில் சீன தாய்ப்பேயை 3-1 என வென்றோம். சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன், புலம்பெயர் நாட்டில் வளர்ந்த பரத் சுரேஷ் போன்ற தமிழ்ப் பெயர்கள் அந்தச் சீருடையில் வந்தது வடக்கு ரசிகர்களைத் தேசிய அணியின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது.

முகாமையாளர் மாற்றத்தை ரசிகனின் கண்ணால் பார்த்துப் பழகிய நாம், ஓர் இளம் வீரனின் கண்ணாலும் பார்க்க வேண்டும். வேல்ஸில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் 2023இல் பார்ன்ஸ்லி அணியில் அறிமுகமாகி, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் கால்பதித்த முதல் தமிழர் என்று பேசப்பட்டார். கிளிநொச்சியில் அவர் பெயர் தெரியாத உதைபந்தாட்டப் பிள்ளை அரிது. அவர் அறிமுகமான பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அக்கழகம் டரல் கிளார்க்கை அமர்த்தி, நீக்கி, பின் கொனர் ஹூரிஹேனிடம் பொறுப்பை ஒப்படைத்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பதின்ம வயது வீரன் முதலிலிருந்து தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பெரிய நட்சத்திரத்துக்குப் புதிய முகாமையாளர் ஒரு செய்தி. வளரும் பிள்ளைக்கு அவர்தான் வாழ்வு.

இனி வன்னிக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு அந்த வாழ்வைக் கொடுப்பவர் யார்?

2008-09இல், போரின் இறுதிக் கட்டத்தில், கிளிநொச்சியும் முல்லைத்தீவும் முற்றாக இடம்பெயர்ந்தன. மக்கள் முகாம்களிலிருந்து திரும்பியபோது, கண்ணிவெடி அகற்றிய நிலத்தில், கூரையில்லாத பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் முதலில் தேடியது பந்தைத்தான். கழகங்களும் சனசமூக நிலையங்களும் ஒவ்வொன்றாக மீண்டும் எழுந்தன. அந்தக் காலத்தில் மாலைதோறும் விசிலோடு மைதானத்தில் நின்றவர்கள் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர்களும் கழகத்தின் மூத்த வீரர்களும்தான். பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள். பகலில் வயலிலோ கடலிலோ வேலை, மாலையில் பயிற்சி. இன்று ஆண்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளும் பந்தோடு ஓடுகிறார்கள் என்றால் அதுவும் இவர்களின் உழைப்புத்தான்.

2021இல் இலங்கையின் சூப்பர் லீக் பத்துக் கழகங்களோடு தொடங்கியபோது, அவற்றில் வட மாகாணக் கழகம் ஒன்றுகூட இல்லை. திறமை இல்லாததால் அல்ல. கழகங்களை ஆண்டு முழுவதும் நடத்தும் ஏற்பாடு இல்லாததால். வன்னியில் நாம் அதிகம் நடத்துவது ஞாபகார்த்தக் கிண்ணச் சுற்றுப்போட்டிகள். மின்னொளியில், ஊர் திரண்டு, அருமையாக நடக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் தோற்றால் வெளியே என்ற முறையில் நடப்பவை. ஒரு பிழையோடு அணியின் மாதம் முடிந்துவிடும். இன்று தோற்றதைத் திருத்தி அடுத்த கிழமை ஆடிப்பார்க்கப் பயிற்றுவிப்பாளருக்கு வாய்ப்பே இல்லை. தோற்றவுடன் ஊரில் எழும் கேள்வியோ அதே கேள்விதான்: இவரை வைத்திருக்க வேண்டுமா?

மாற்றத்துக்குப் பெரும்பணம் தேவையில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் ஆண்டுதோறும் சீருடையும் கிண்ணமும் பந்தும் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒருவரைப் பயிற்றுவிக்கச் செலவிடலாம். ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்கள் அடிமட்டத்திலிருந்து படிப்படியாக மேலே செல்பவை. ஒவ்வொரு கழகமும் தன் மூத்த வீரர் ஒருவரை, ஆணோ பெண்ணோ, முதற்படிக்காவது அனுப்பினால், ஐந்து ஆண்டுகளில் வன்னியின் முகமே வேறாகும். மாவட்டச் சங்கங்கள் வயதுப் பிரிவு வாரியாக லீக் முறையில் ஆட்டங்களை நடத்தினால், அந்தப் பயிற்றுவிப்பாளருக்கு வேலை செய்யக் களம் கிடைக்கும்.

ஆகவே வன்னி ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள். மன்செஸ்டரின் புதிய முகாமையாளரைப் பற்றி விடியும்வரை வாதாடுங்கள், அது உங்கள் உரிமை. அதே அக்கறையோடு உங்கள் ஊர்க் கழகத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கும் போங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர் யார், அவருக்கு என்ன சான்றிதழ், என்ன கொடுப்பனவு என்று எழுந்து கேளுங்கள். பொருத்தமான ஒருவரைத் தெரிவுசெய்யுங்கள். தெரிவுசெய்த பிறகு, இரண்டு ஆட்டம் தோற்றதும் அவரைத் துரத்தாமல், குறைந்தது மூன்று பருவங்கள் கொடுங்கள்.