கால்பந்தின் பண்டைய வேர்களும் தமிழர் பந்தாட்டமும்

கால்பந்து இன்று உலகெங்கும் ஆடப்படும் விளையாட்டாகும். இது முதலில் எங்கே தோன்றியது என்ற கேள்விக்குச் சீனா, ஜப்பான், கிரேக்கம், மெக்சிக்கோ, இங்கிலாந்து எனப் பல விடைகள் கூறப்படுகின்றன. பந்து ஆடுதல், பந்தைக் காலால் ஆடுதல், எழுதி வைத்த பொது விதிகளின்படி ஆடுதல் ஆகிய மூன்றையும் தனித்தனியே பார்த்தால் இவ்விடைகளில் எது எவ்வளவு பொருந்தும் என்பது விளங்கும்.

சீனாவும் ஜப்பானும்

காலால் பந்தை உதைத்து ஆடியதற்கான பழமையான எழுத்துச் சான்றுகள் சீனாவில் கிடைக்கின்றன. அங்கு ஆடப்பட்ட 'சூஜூ' என்னும் விளையாட்டு, ஹான் பேரரசுக் காலத்தில் (கி.மு. 206 – கி.பி. 220) படைவீரர்களின் பயிற்சியாகவும் இருந்தது. தோலுக்குள் இறகு, முடி போன்றவற்றை அடைத்துப் பந்து செய்தனர். தாங் வம்சக் காலத்தில் காற்றடைத்த பந்து வழக்கிற்கு வந்தது. கையால் பந்தைத் தொடக்கூடாது என்பது இதன் சிறப்பு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவும் சூஜூவைக் கால்பந்தின் மிகப் பழைய வடிவமாக ஏற்றுள்ளது.

ஜப்பானியரின் 'கெமாரி' சீனாவின் தாக்கத்தால் உருவானது. வட்டமாக நின்று, பந்து தரையில் விழாமல் காலால் தட்டிக் கொண்டிருப்பதே ஆட்டம். இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை.

கிரேக்கம், ரோம், மெக்சிக்கோ

கிரேக்கரின் 'எபிஸ்கைரோஸ்', ரோமானியரின் 'ஹார்பாஸ்டம்' ஆகியவை இரு அணிகள் மோதும் ஆட்டங்கள். ஆனால் அவற்றில் கையே பெரிதும் பயன்பட்டது. மெக்சிக்கோப் பகுதியில் கி.மு. 1600 அளவிலேயே ரப்பர் பந்துகள் இருந்தன. அங்குப் பரவலாக ஆடப்பட்ட முறையில் பந்தை இடுப்பால் மோதித் தள்ளினர். எனவே இவற்றைக் கால்பந்தின் நேரடி முன்னோர் என்று கூற இயலாது.

தமிழர் பந்தாட்டம்

தமிழ் இலக்கியங்களில் பந்து பெரும்பாலும் பெண்களின் விளையாட்டாகவே வருகிறது. நூலால் வரிந்து கட்டிய பந்தைக் கையால் அடித்து ஆடினர். மதுரைக் கோட்டை வாயிலில் பந்தும் பாவையும் தொங்கியதைத் திருமுருகாற்றுப்படை குறிப்பிடுகிறது. போருக்கு வராத பகைவரைப் பெண்களாக எண்ணி இகழும் அடையாளம் அது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தாடும்போது பாடும் 'கந்துக வரி' உள்ளது. கந்துகம் என்றால் பந்து. பெருங்கதையில் மகளிர் எத்தனை முறை பந்தடித்தனர் என்று எண்ணிப் போட்டியிடும் பகுதியும் உண்டு. இவை தமிழரின் பந்தாட்ட மரபு நீண்டது என்பதற்குச் சான்றுகள். ஆயினும் இது கையால் ஆடிய ஆட்டம் என்பதால், கால்பந்து தமிழகத்தில் தோன்றியது என்பதற்கு இவற்றைச் சான்றாகக் காட்ட முடியாது.

விதிகளின் பிறப்பு

இடைக்கால இங்கிலாந்தில் ஊரும் ஊரும் திரண்டு தெருக்களில் பந்துக்காக மோதின. இதனால் எழுந்த கூச்சலும் குழப்பமும் பொறாமல் 1314-இல் இலண்டன் நகருக்குள் இவ்விளையாட்டு தடை செய்யப்பட்டது. பிற்காலத்தில் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு விதி வைத்திருந்ததால், இரு பள்ளி மாணவர் சேர்ந்து ஆடுவதே கடினமாயிற்று. இதைத் தீர்க்க 1863-இல் இலண்டனில் கால்பந்துச் சங்கம் அமைக்கப்பட்டுப் பொது விதிகள் எழுதப்பட்டன. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், எதிராளியின் காலில் உதைப்பதும் விலக்கப்பட்டன. இதை ஏற்காத ஒரு குழுவினர் பிரிந்தனர்; அத்தகைய குழுக்கள் 1871-இல் ரக்பி சங்கத்தை அமைத்தன.

ஆங்கிலேயர் வழியாக இந்த விதிகள் இந்தியா வந்தன. 1888-இல் சிம்லாவில் டுராண்ட் கோப்பை தொடங்கியது. 1911-இல் கொல்கத்தாவின் மோகன் பகான் அணி, பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியே, ஆங்கிலேயப் படை அணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. விதி ஒன்றாக இருந்ததால்தான் ஆண்டவரும் ஆளப்பட்டவரும் ஒரே களத்தில் சமமாக நிற்க முடிந்தது.

பந்தை உதைக்கும் ஆசை பல நாடுகளில் தனித்தனியே பிறந்தது. காலால் மட்டும் ஆடும் பழைய மரபுக்குச் சீனா முன்னிற்கிறது. இன்றைய ஆட்டமோ 1863-இன் விதிகளிலிருந்து வளர்ந்தது. ஜவ்வாது மலைப் பகுதியின் ஒடுகத்தூரில் ஆடும் ஒரு சிறுவன், மொழி தெரியாத நாட்டுச் சிறுவனோடும் உடனே சேர்ந்து ஆட முடிவது அந்தப் பொது விதிகளால்தான்.